கெம்பஸ் எறங்குறவங்க முன்னுக்கு

நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் இளங்கோ பத்தொன்பது வருடமாகக் கண்டக்டர். நாளைக்கு இரண்டு தரம் போய் இரண்டு தரம் வருவான். ஆக நாளைக்கு நான்கு தரம், பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிற கலஹா சந்தி நெருங்கியதும், மிதிபலகையில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு, "கெம்பஸ் பஹின அய இஸ்ஸரஹட்ட! கெம்பஸ் எறங்குறவங்க முன்னுக்கு!" என்று சிங்களம், தமிழ் இரண்டிலும் தொண்டை கிழியக் கத்துவான். பஸ் நிற்கிற மற்ற ஹோல்ட்டுகளுக்கு இந்த மரியாதை கிடையாது. கெலிஓயாவுக்கு ஏதோ ஒப்புக்கு ஒரு குரல். கம்பளைக்கு அதுவும் இல்லை. கம்பளைக்காரர்களுக்குத் தங்கள் ஊர் எதுவென்று தெரியாதா என்ன?

கெம்பஸுக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டால், ஒளிப்பானேன், வயிற்றெரிச்சல்தான். உயர்தரப் பரீட்சையில் கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்தவன் அவன். கெம்பஸ் போவதற்கான வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தட்டிவிட்டுப் போயிற்று. கொஞ்சம் என்றால், தசமத்துக்குப் பின்னால் மூன்றாவது எண். அன்றைக்கே ஒரு சபதம் போட்டான்: மாணவனாக அல்லாமல் அந்தக் கேட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று. அப்படியொரு சபதத்தை அவனிடம் யாரும் கேட்கவில்லை. கெம்பஸ் பாட்டுக்குக் கெம்பஸ் நடந்துகொண்டிருந்தது. ஆனால் இவன் விடவில்லை. மச்சினனின் கல்யாணத்தன்று போட்டோ எடுக்கக் குடும்பமே கெம்பஸுக்குள் போனபோது, இவன் மட்டும் வெளியே நின்று வந்த வான் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த அல்பத்தில் இவன் மனைவி சுகிர்தா எல்லாப் படத்திலும் தனியாக நிற்கிறாள். பார்க்கிறவர்கள் இன்றைக்கும் அவளிடம் இரக்கமாகப் பேசுகிறார்கள்.

கேட்டுக்குள் கால் வைக்காதவன், வழி சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. வருடா வருடம் புதுப் பிள்ளைகளைப் பதிகிற காலத்தில், தேயிலைத் தோட்டத்து அம்மாக்கள் கையில் ஃபைலும் சோற்றுப் பார்சலுமாக ஏறி, "தம்பி, கெம்பஸ் ஆபீசுக்கு எப்படிப் போறது?" என்று கேட்பார்கள்.

"கேட்டுல நொழைஞ்சு நேரா போங்கம்மா. ஒரு பெரிய மரம் வரும். அதுல சோத்துக் கை பக்கம் திரும்பிக் கீழ எறங்குங்க. ஆபீஸ் வந்துரும். வேற யாருகிட்டயும் கேக்காதீங்க, ஆளுக்கு ஒன்னு சொல்லிக் கொழப்புவாங்க."

அவர்கள் கும்பிடாத குறையாக இறங்கிப் போவார்கள். இந்த வழியை இளங்கோவுக்குச் சொன்னவர், அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கம்பளையில் ஏறிய ஒரு பெரியவர். மடியில் ஓர் ஆட்டுக்குட்டி. முகத்தில் ஒரு அவசரம். கெம்பஸுக்கு அடிக்கடி போய்வருகிற ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவர் சொன்னதை இளங்கோ மனப்பாடம் பண்ணி, பத்தொன்பது வருடமாக ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்து வந்தான்.

இப்படிப்பட்டவன் கண்ணில்தான் போன மாதம், யாரோ சீட்டில் விட்டுப்போன பத்திரிகையில், அந்த விளம்பரம் பட்டது. பேராதனைக் கெம்பஸிலேயே வெளிவாரிப் பட்டப்படிப்பு. வேலை செய்துகொண்டே படிக்கலாம். உயர்தரச் சித்தி போதும். வயதெல்லை இல்லை. அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் அவன் நின்ற இடத்திலேயே ஏழெட்டுத் தரம் வாசித்தான். அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. அந்தப் பயணத்தில் நான்கு பேர் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய் அவனைத் திட்டினார்கள்.

கொமினிகேசன் கடையில், விளம்பரத்தோடு இருந்த படிவத்தைப் பிரதி எடுத்தான். பஸ் ஓய்வில் நிற்கும்போது பின் சீட்டில் ஒளிந்திருந்து, முத்து முத்தாக நிரப்பினான். பாடங்கள்: தமிழ், வரலாறு, பொருளியல். தொழில்: நாவலப்பிட்டி – கண்டி பஸ் கண்டக்டர். ஒரே ஒரு பெட்டி மட்டும் காலி. 'இக்கற்கையைத் தொடர விரும்புவதற்கான காரணம்' என்று போட்டு, நாலு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். என்ன எழுதுவான்? வயிற்றெரிச்சல் என்றா?

போட்டோவும் எடுத்தான். ஸ்டூடியோக்காரரின் கோட்டையும் டையையும் மாட்டிக்கொண்டு எடுத்த அந்தப் படத்தில் மீதி நான்கு பிரதியைக் காற்சட்டைப் பையிலேயே மறந்துவிட்டான். சுகிர்தா உடுப்புத் துவைக்கும்போது அது அகப்பட்டது. கோட்டும் டையுமாகப் புருஷன் ரகசியமாகப் போட்டோ எடுத்திருக்கிறான் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கட்டார். மனிதன் வெளிநாடு போகப் போகிறான், சொல்ல மனமில்லாமல் தவிக்கிறான் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். அவள் முன்பள்ளி ஆசிரியை. முப்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுதாலும் அசையாதவள். அவளே சமையலறையில் போய் அழுதாள். அழுது முடித்து அவனுக்குப் பிடித்த கருவாட்டுப் பொரியல் செய்தாள். அடுத்த நாளும் செய்தாள். இளங்கோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் சாப்பிட்டான்.

படிவம் தயார். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஆனால் அனுப்ப மனம் வரவில்லை. ஒரு தரம் தோற்றது வீட்டோடு போயிற்று. இந்தத் தரம் தோற்றால் நாவலப்பிட்டியிலிருந்து கண்டி வரைக்கும் தெரியும். ஒவ்வொரு ஹோல்ட்டிலும் ஒருவர் ஏறி, "என்ன இளங்கோ, ரிசல்ட் வந்திச்சா?" என்று கேட்பார். வேலையை விட்டு ஓடவும் முடியாது, ஓடுகிற பஸ்ஸில்தானே வேலை! ஆகவே கபில நிற உறையை ஒட்டாமலே, விலாசமும் எழுதாமலே, டிக்கட் பையின் அடியில் வைத்துக்கொண்டு பத்து நாள் அலைந்தான்.

இந்த இடத்தில் அந்த பஸ்ஸின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தபாலை நம்பாதவர்கள் எல்லாம் பார்சலை பஸ்ஸில் கொடுத்து அனுப்புவார்கள். அதில் பெயர், ஊர் எதுவும் எழுத மாட்டார்கள். தேவையும் இல்லை. டிரைவருக்கு முன்னால் கண்ணாடிக்குக் கீழே மூன்று படங்கள் வரிசையாக இருந்தன. முதலாளி ஒட்டிய புத்தர், டிரைவர் முனாப் ஒட்டிய பிஸ்மில்லாஹ், இளங்கோ ஒட்டிய முருகன். புத்தருக்குக் கீழே வைத்தால் பார்சல் கண்டிக்கு. பிஸ்மில்லாஹ்வுக்குக் கீழே என்றால் கம்பளைக்கு. முருகனுக்குக் கீழே என்றால் கெலிஓயாவில் ஃபாஸிலின் பேக்கரிக்கு. ஃபாஸிலின் மச்சான் நாவலப்பிட்டியிலிருந்து கேக் ஓடர்களை உறையில் போட்டு அனுப்புவார். முனாப் பார்க்கக்கூட மாட்டார். கெலிஓயா வந்ததும் கை தானாக முருகனுக்குக் கீழே போகும், எடுத்து ஜன்னலால் நீட்டும். இத்தனை வருடத்தில் ஒரு பார்சல் மாறிப் போனதில்லை.

வியாழக்கிழமை இளங்கோவுக்குப் பக்தி முற்றிவிட்டது. நாளைக்குக் கடைசி நாள், அனுப்புவதா வேண்டாமா, முருகனே ஒரு வழி காட்டட்டும் என்று, நாவலப்பிட்டியில் பஸ் கிளம்பும்போது உறையை எடுத்து முருகனின் காலடியில் வைத்தான். கண்ணை மூடிக் கும்பிட்டான். வேறு யார் வைத்திருந்தாலும் அது வெறும் சாமி கும்பிடுதல். இந்த பஸ்ஸின் கண்டக்டர், இந்த வழக்கத்தை உண்டாக்கிய மனிதனே, முருகன் கெலிஓயா என்பதை மறந்துவிட்டான்.

அது அவனுக்கு நினைவு வந்தபோது பஸ் பேராதனைப் பாலத்தில் இருந்தது.

"நானா! இங்க வச்ச கவர் எங்க?"

"எந்தக் கவர்? ஃபாஸில்ட கவரா? அப்பவே குடுத்தாச்சே!" என்றார் முனாப். இளங்கோ அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் அவருக்கு ஐம்பத்தைந்து வயது, தொந்தி ஸ்டியரிங்கைத் தொடும், கோபம் வந்தால் ஹோர்ன் அடிப்பார், சந்தோஷம் வந்தாலும் ஹோர்ன் அடிப்பார். "எனத்துக்கு இப்புடி முழிக்கிற? வேற யார்டயும் கவரா?"

"இல்ல... ஒன்னுமில்ல நானா."

ஃபாஸிலுக்கு ஒரு போன் கோல் எடுத்தால் முடிந்தது. ஆனால் எடுத்தால் உள்ளே என்ன என்று சொல்ல வேண்டுமே. ஃபாஸிலிடம் சொன்னால் கெலிஓயாவுக்கே சொன்ன மாதிரி. ஒருவேளை பிரிக்காமல் வைத்திருப்பார் என்று, நடக்காத ஒன்றை நம்பிக்கொண்டு, இளங்கோ கண்டி பஸ் நிலையத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

இரண்டு மணிக்குக் கிளம்பிய பஸ் கெலிஓயாவுக்கு வந்தபோது, ஃபாஸில் ஏப்ரனோடு நடு ரோட்டில் நின்று கையைக் காட்டினார். ஏறினார். கையில் உறை. உறையில் ஐந்து விரலும் எண்ணெயாகப் பதிந்திருந்தது.

"முனாப் நானா, நான் பட்டர் கேக் ஓடர் என்டு பிரிச்சா, உள்ளுக்க இளங்கோ கோட்டு போட்டுக்கொண்டு ஈக்கார்!" என்றார் பஸ் முழுக்கக் கேட்கிற குரலில். "கெம்பஸ் போகப் போறாராம்! பி.ஏ!"

அவ்வளவுதான். முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரைக்கும் அறுபது தலை ஒரே நேரத்தில் திரும்பியது. இளங்கோவுக்கு அந்த இடத்திலேயே குதித்துவிடலாம் போல இருந்தது. முனாப் நீளமாக ஒரு ஹோர்ன் அடித்தார். அது கோபமா சந்தோஷமா என்று தெரியவில்லை.

படிவம் கைமாறிக் கைமாறி மூன்றாவது வரிசையில் இருந்த றுமைஸா டீச்சரிடம் போய்ச் சேர்ந்தது. கம்பளைக்காரி, கண்டியில் கணிதம் படிப்பிக்கிறவர், சிவப்புப் பேனை இல்லாமல் எதையும் வாசிக்க மாட்டார். "டீச்சர், அதுல மட்டும் கோடு போட்டுடாதீங்க!" என்று இளங்கோ கெஞ்சினான்.

"கோடு போட ஒன்டும் இல்லியே. எழுத்து நல்லா ஈக்கி," என்றார் டீச்சர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "ஆனா எனத்துக்கு பொருளியல்?"

அதிலிருந்து கம்பளை வரைக்கும் நடந்தது படிப்பா சந்தையா என்று எனக்குத் தெரியாது. பொருளியல் வேண்டாம், நாடு போகிற போக்கில் அந்தப் பாடமே இருக்குமோ இல்லையோ என்றார் ஒரு மருந்துக்கடைக்காரர். புவியியல் எடு, உனக்குத்தான் ரோடெல்லாம் தெரியுமே என்றது ஒரு குரல். தர்க்கவியல் எடுத்தால் மிச்சக் காசுக்குச் சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிக்கலாம் என்றது இன்னொன்று. காலிப் பெட்டியை டீச்சர் கண்டுபிடித்து உரக்க வாசித்ததும், காரணம் சொல்வதற்கு எல்லாரும் முண்டியடித்தார்கள்.

"தாய்நாட்டுக்குச் சேவை செய்யன்னு எழுதுங்க!"

"அதெல்லாம் பழசு. உலகளாவிய அறிவைப் பெறன்னு போடு!"

"பொஞ்சாதி வாய அடக்கன்னு போடுப்பா, அதான் உண்மை!"

இளங்கோ படிவத்தைப் பிடுங்கி உறைக்குள் திணித்தான். "ஒன்னும் எழுதத் தேவையில்ல. நான் அனுப்பல. இந்த வருஷம் வேணாம்," என்றான். உறையை டிக்கட் பையின் அடியில் தள்ளிவிட்டு மிச்சக் காசு கொடுக்கப் போனான்.

வீட்டுக்குப் போனால், சுகிர்தாவுக்கு அதற்குள் மூன்று பேர் போன் பண்ணியிருந்தார்கள்.

"ஏங்க, படிக்கவா போட்டோ எடுத்தீங்க?"

"ம்."

"கட்டாருக்கு இல்லியா?"

"கட்டாரா? எந்தக் கட்டார்?"

"பாவி மனுசா! ஒரு வாரமா அழுது அழுது கருவாடு பொரிச்சுப் போட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போங்க. போய்க் குடுத்துட்டு வாங்க. பெயிலானா நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்," என்றாள். அன்று இரவு பருப்புதான்.

வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மூன்று தரம் பஸ் கெம்பஸைத் தாண்டியது. மூன்று தரமும் இளங்கோ கத்தினான், ஆட்களை இறக்கினான், "ரைட், யங்!" என்று புறப்படச் சொல்லி பஸ்ஸின் தகரத்தில் தட்டினான். உறை டிக்கட் பையின் அடியிலேயே கிடந்தது. கண்டியில் முனாப் ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வந்து, தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "அனுப்பினியா?" என்றார்.

"தபால்ல போட்டா இன்னைக்கே போய்ச் சேராது நானா. அடுத்த வருஷம் பாப்போம்."

"எனத்துக்கு பயப்புடுற?"

"பெயிலானா அத்தன ஹோல்ட்டுக்கும் நான் பதில் சொல்லணும்."

"ஆ," என்றார் முனாப். "நீ போகாட்டி மட்டும் கேக்க மாட்டாங்களா? நேத்து பஸ்ல ஈந்தவங்கள்ட வாய நீ பாக்கல்லியா?"

இளங்கோவுக்கு அது தோன்றவே இல்லை.

இரண்டு மணிக்குப் பஸ் கிளம்பியது. அன்றைய கடைசித் தரம். கெட்டம்பே தாண்டி, கலஹா சந்தி நெருங்கியது. பழக்க தோஷத்தில் இளங்கோ மிதிபலகையில் தொங்கி, "கெம்பஸ் பஹின அய இஸ்ஸரஹட்ட! கெம்பஸ் எறங்குறவங்க முன்னுக்கு!" என்றான். யாரும் எழும்பவில்லை. "ஆள் இல்ல, போவோம் நானா!" என்று தகரத்தில் தட்டினான்.

முனாப் பஸ்ஸை நிறுத்தினார். என்ஜினையும் நிறுத்தினார். சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கெம்பஸ் எறங்குறவங்க எறங்கினாத்தான் பஸ் போகும்," என்றார் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

"நானா, வெளையாடாதீங்க. பின்னால லைன் கட்டிருச்சு."

பின்னால் நின்ற பஸ்கள் ஹோர்ன் அடித்தன. முனாப் சந்தோஷமாகத் திருப்பி அடித்தார். உள்ளே முதலில் மருந்துக்கடைக்காரர் தொடங்கினார், பிறகு எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்: "கெம்பஸ் எறங்குறவங்க முன்னுக்கு! கெம்பஸ் எறங்குறவங்க முன்னுக்கு!" றுமைஸா டீச்சர் எழும்பி வந்து, இளங்கோவின் தோளிலிருந்து டிக்கட் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டி, உறையை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"கம்பளை வரைக்கும் நான் பாத்துக்கொள்றன். மறுகா முனாப் நானா பாப்பார். நீங்க போங்கொ," என்றவர், உடனே பின்னால் திரும்பி, "யார் அங்க படியில நிக்கிற? உள்ளுக்கு வாங்கொ! பேக்கை முன்னுக்குப் போடுங்கொ!" என்று அதட்டினார். பத்தொன்பது வருடமாக யார் சொல்லியும் கேட்காத பஸ் அந்த ஒரு நிமிஷத்தில் வரிசையாக நின்றது.

இளங்கோ இறங்கினான். பஸ் போய்விட்டது. பத்தொன்பது வருடமாக அவன் ஆள் இறக்கிய இடத்தில் முதல் தரமாகத் தானே நின்றான். மணி இரண்டு இருபத்தைந்து. கேட்டுக்குள் கால் வைக்கும்போது சபதம் ஞாபகம் வந்தது. படிவம் கையில் இருக்கிறதே, முக்கால் மாணவன்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

வழி? வழி அவனுக்கா தெரியாது! யாரிடமும் கேட்காமல் நேராகப் போனான். பெரிய மரம் வந்தது. இன்னொரு பெரிய மரம் வந்தது. பிறகு விளங்கியது, அந்தக் கெம்பஸில் சின்ன மரமே கிடையாது. இருப்பதிலே பெரியதாக ஒன்றைத் தேர்ந்து, சோற்றுக் கைப்பக்கம் திரும்பிக் கீழே இறங்கினான். சாணி வாசனை வந்தது. ஒரு கட்டடம். அதன் முன்னால் வரிசை. ஒருவர் கூடையில் கோழியோடு நின்றார். ஒரு பெண் துவாயில் சுற்றிய நாயோடு நின்றாள். விவசாயம் படிக்க வந்தவர்கள் போலும் என்று நினைத்தான். கண்டக்டர் ஆளல்லவா, வரிசையைக் கண்டால் மதிப்பான், பின்னால் போய் நின்றான். வரிசை நகர நகரப் பத்து நிமிஷம் போயிற்று.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் புத்தகத்தோடு வந்து, சிங்களத்தில், "வயது?" என்று கேட்டாள்.

"நாற்பத்திரண்டு."

அவள் எழுதப் போன கையை நிறுத்தினாள். "எத்தனை?"

"நாற்பத்திரண்டு மிஸ். வயதெல்லை இல்லை என்றுதானே போட்டிருந்தது?"

"என்ன பிராணி?"

"பிராணியா? எனக்குத்தான் மிஸ்."

கோழிக்காரர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். அந்தப் பெண் அவன் கையிலிருந்த உறையைப் பார்த்தாள், வாசலில் நின்ற காவலாளியைக் கூப்பிட்டாள். கலகெதரப் பக்கத்து மனிதர், பெரிய மீசை. உறையை வாங்கிப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"நாவலப்பிட்டியா?" என்றார் சிங்களத்தில்.

"ஆமா. எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு வருடமும் நாவலப்பிட்டிப் பக்கத்து ஆட்கள் ஆபீஸைத் தேடி முதலில் இங்கேதான் வருகிறார்கள். பிள்ளைகளும் அம்மாக்களும் ஃபைலோடு வந்து மாட்டு வைத்தியத்துக்கு வரிசையில் நிற்பார்கள். யாரோ ஒரு கண்டக்டர் வழி சொல்லி அனுப்புகிறானாம். ஒரு நாளைக்கு அவனைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை."

இளங்கோவுக்கு அப்போதுதான் அந்த ஆட்டுக்குட்டி ஞாபகம் வந்தது. பெரியவர் சொன்னது சரியான வழிதான். ஆட்டுக்கு. பத்தொன்பது வருடம்! எத்தனை அம்மாக்கள், எத்தனை ஃபைல்! அவனுக்குக் காது மடல் எரிந்தது. "அப்படியா, என்ன அநியாயம்," என்று மட்டும் சொன்னான்.

"கேட்டிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் ஆபீஸ். இரண்டு நிமிஷம். போர்டு ரோட்டுக்கே தெரியும்," என்றார் காவலாளி. மணி இரண்டு ஐம்பது. இளங்கோ ஓடினான்.

போய்ச் சேர்ந்தபோது மூன்றுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. கவுண்டரின் கண்ணாடி பாதி மூடியிருந்தது. உள்ளே இருந்த மிஸ்ஸுக்கு முப்பது வயது இருக்கும், பேச்சில் மலைநாடு தெரிந்தது. மூச்சு வாங்கியபடி அவன் நீட்டிய படிவத்தை, அதில் பதிந்திருந்த எண்ணெய் விரல் அடையாளங்களைப் பார்த்து முகம் சுளித்து, வாங்கிப் புரட்டினாள்.

"காரணம் எழுதலையே. இது காலியா இருந்தா எடுக்க முடியாதுங்க."

"என்ன எழுதுறதுன்னு தெரியல மிஸ்."

"ரெண்டு நிமிஷந்தான் இருக்கு. சீக்கிரமா..." என்றவள், தொழில் என்ற இடத்தில் கண் பட்டு நின்றாள். மெல்ல நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "பெரிய மரத்துல சோத்துக் கை பக்கம்?"

இளங்கோ கவுண்டரிலிருந்து ஓர் அடி பின்வாங்கினான்.

"பதினோரு வருஷத்துக்கு முந்தி நானும் எங்கம்மாவும் ஒங்க பஸ்லதான் வந்தோம். எங்கம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு நல்ல சீல. அத மாடு மென்னுருச்சு. அழுதுகிட்டே ஓடி வந்தோம், இதே கவுண்டருக்கு, இதே மாதிரி கடைசி நிமிஷத்துல." அவள் கோபமாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "எங்கம்மா இன்னமும் சொல்லும், அந்தத் தம்பி எவ்வளவு மரியாதையா வழி சொன்னிச்சுன்னு."

"மன்னிச்சிருங்க மிஸ்," என்றான் இளங்கோ. "நான் உள்ளுக்கு வந்ததே இல்ல. யாரோ சொன்னத சொன்னேன்."

அவள் பேனையை அவன் பக்கம் தள்ளினாள். "எழுதுங்க."

இந்தத் தரம் யோசிக்கத் தேவை இருக்கவில்லை. நாலு வரிக்கான இடத்தில் இரண்டே வரி எழுதினான்: 'பத்தொன்பது வருடமாக மற்றவர்களுக்குக் கெம்பஸுக்கு வழி சொல்லி வருகிறேன். இனிமேலாவது போய்ப் பார்த்துவிட்டுச் சொல்ல விரும்புகிறேன்.'

அவள் வாசித்தாள். முத்திரையை எடுத்துக் குத்தினாள். சுவர் மணிக்கூட்டில் சரியாக மூன்று.

திங்கட்கிழமை காலை ஒவ்வொரு ஹோல்ட்டிலும் ஏறியவர்கள் கேட்டார்கள், குடுத்தாச்சா, எப்ப பரீட்சை, எப்ப ரிசல்ட். இளங்கோ எல்லாருக்கும் பதில் சொன்னான். பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை, கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது. பேராதனைப் பாலம் தாண்டியது. கலஹா சந்தி நெருங்கியது. புதுத் துணிப் பையோடு ஒரு தாயும் மகளும் எழும்பி முன்னுக்கு வந்தார்கள். இளங்கோ மிதிபலகையில் தொங்கினான்.

"கெம்பஸ் எறங்குறவங்க முன்னுக்கு! ஆபீசுக்குப் போறவங்க கேட்டுல பீச்சாங்கை பக்கம்! மரத்துப் பக்கம் போவாதீங்கம்மா! ஆடு, மாடு கொண்டு வந்தவங்க மட்டும் சோத்துக் கை பக்கம்!"